அடியைத் தோண்டிப் பார்த்தீர்களா?

இடி இடித்து மழை ஓய்ந்த மறுநாள் விடியலிலேயே காளான் தேடுகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். போன ஆண்டு முளைத்த இடத்துக்குத்தான் முதல் நடை. புற்றுக்காளானை நம்பி அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அதற்கான காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது.

கரையான்களில் ஒரு பிரிவு பயிர்த்தொழில் செய்கிறது. தின்ற சருகையும் மரத்தையும் எச்சமாக்கி, புற்றுக்குள் கடற்பஞ்சுபோல அடுக்கி, அதன்மேல் பூஞ்சையை வளர்க்கிறது. கரையானால் செரிக்க முடியாததைப் பூஞ்சை பக்குவப்படுத்தித் தருகிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் கூட்டு வாழ்க்கை இது. மழை இறங்கியதும் அந்தப் பூஞ்சை, வேர்போல நீண்ட தண்டை மண்ணைத் துளைத்து மேலே அனுப்பிக் குடை விரிக்கிறது. கரையான் அங்கே குடியிருக்கும்வரை ஆண்டுதோறும் காளானை எதிர்பார்க்கலாம்.

இந்தக் காளான் பேரினத்துக்கு 1942இல் டெர்மிடோமைசிஸ் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம். 1979இல் தென்னிந்தியக் காளான் ஒன்றைப் புதிய இனமாக விவரித்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன், ஹெய்மைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு டெர்மிடோமைசிஸ் ஹெய்மி என்று பெயர் வைத்தார்.

குடையை மட்டும் கிள்ளி எடுத்தால், வேர்போல நீண்ட தண்டு என்ற அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

உயிரைப் பறிக்கும் காளான்கள் பல அமனிட்டா பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றில் பலவற்றுக்குத் தண்டின் மேற்பகுதியில் ஒரு வளையம், அடியில் பை போன்ற ஓர் உறை. அந்த உறை பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். அமனிட்டாக்களில் பெரும்பாலானவை மர வேர்களோடு உறவு வைத்து வளர்பவை. நீலகிரியின் பைன் தோப்புகளில் சிவப்புக் குடையில் வெண்புள்ளியோடு நிற்கும் காளானும் அந்தக் குடும்பம்தான்.

புல்வெளியில் வளரும் குளோரோஃபில்லம் காளான் வேறு வகையில் ஏமாற்றும். இளசாக இருக்கும்போது குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் வெள்ளை, முற்றினால் பச்சை. குடையை வெட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடிச் சில மணி நேரம் விட்டால் வித்துத் தூள் படியும். இதன் தூள் பச்சை, புற்றுக்காளானுடையது வெளிர் ரோஜா, அமனிட்டாவுடையது வெள்ளை. இடம், தண்டின் அடி, வளையம், மடிப்பு, தூளின் நிறம் எல்லாம் பொருந்த வேண்டும். ஒன்று இடறினாலும் அது சமையலுக்கு ஆகாது.

வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்ற சோதனைகள் எதையும் காட்டித்தருவதில்லை. கொடிய அமனிட்டாக்களில் உள்ள அமாடாக்சின் என்ற விஷம் கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு தேறிவிட்டதுபோல ஓர் இடைவெளி வரும். அந்த நேரத்திலும் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள்.

ஆகவே, ஊரில் காளான் அறிந்த பெரியவரோடு போய், அடியோடு தோண்டிப் பழகுவதே பாதுகாப்பான வழி. சாப்பிட்ட பிறகு வாந்தி வந்தால், நின்றுவிட்டாலும்கூட, மிச்சமிருக்கும் காளானை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த விஷம் என்று மருத்துவர் கண்டறிய அது உதவும்.