ரெண்டு தடவை மிதிச்சாதான் பிரேக் பிடிக்குதா? அந்தக் காரில் மலை ஏறாதீங்க!

சேலம்:

லீவு விட்டாச்சுன்னா சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு, நாமக்கல்காரர்களுக்கு கொல்லிமலை. குடும்பத்தோடு காரில் கிளம்பி விடுகிறார்கள். ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. ஏறும்போது கஷ்டம் என்ஜினுக்கு. இறங்கும்போது கஷ்டமெல்லாம் பிரேக்குக்கு.

பிரேக் பெயிலியர் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. பல நாள் முன்பே பெடல் நம் காலுக்கு சொல்லி விடுகிறது. 'ரெண்டு தடவை அழுத்தினா பிடிச்சுக்குது, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று ஓட்டுவதில்தான் ஆபத்து.

மிதித்தால் என்ன நடக்கிறது?

பெடலை மிதித்ததும் பூஸ்டர் நம் கால் பலத்தை கூட்டித் தருகிறது. மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை தள்ளுகிறது. அந்த அழுத்தம் பைப் வழியாக 4 சக்கரத்துக்கும் போகிறது. முன்பக்கம் பேட் டிஸ்க்கை கவ்வுகிறது. பல சின்ன கார்களில் பின்பக்கம் ஷூ விரிந்து டிரம்மை பிடிக்கிறது.

பிரேக் ஆயிலை அழுத்தி சுருக்க முடியாது. அதனால்தான் மிதித்த உடனே பிடிக்கிறது. ஆனால் காற்று சுருங்கும். பைப்புக்குள் காற்று புகுந்தால் மிதிக்கிற பலமெல்லாம் அதை சுருக்குவதிலேயே போய்விடும்.

பெடல் சொல்லும் சேதி

* பஞ்சு மாதிரி அமுங்குதா? லைனில் ஏர் இருக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ் உப்பினாலும் இப்படி ஆகும்.

* முதல் மிதிக்கு கீழே போய், அடுத்த மிதிக்கு மேலே வருதா? பின் சக்கர ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம், அல்லது ஏர். டிரம்மை கழற்றி பார்த்தால் தெரிந்துவிடும்.

* சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல மெல்ல கீழே இறங்குதா? இதுதான் ரொம்ப மோசம். ஆயில் அளவு குறையாமலே இப்படி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயிலும் குறைந்தால் எங்கோ லீக்.

* கல் மாதிரி இறுகி இருக்கா? பூஸ்டரையும் அதற்கு போகும் வேக்குவம் ஹோசையும் பார்க்கணும்.

* மிதிக்கும்போது காலில் அதிருதா? டிஸ்க் நெளிந்திருக்கலாம். ஆனால் ஏ.பி.எஸ். உள்ள காரில் சடன் பிரேக் போடும்போது மட்டும் படபடவென்று உதைத்தால் பயப்பட வேண்டாம். அது ஏ.பி.எஸ். வேலை செய்வது.

வீட்டு வாசலிலேயே டெஸ்ட்

சமமான இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுங்கள். முதலில் குனிந்து பெடலுக்கு அடியில் பாருங்கள். உருண்டு போன தண்ணீர் பாட்டிலும், சுருண்ட மிதியடியும் கூட பெடலை தடுக்கும்.

என்ஜினை ஆப் செய்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். இறுகிவிடும். காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக கீழே இறங்கினால் பூஸ்டர் நல்லா இருக்கு. அசையவே இல்லை என்றால் பூஸ்டரில் கோளாறு.

என்ஜின் ஓடும்போதே ஒரு நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்து பிடியுங்கள். பெடல் அதே இடத்தில் நிற்கணும். தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் வண்டியை எடுக்காதீங்க. மெக்கானிக்கை வீட்டுக்கு கூப்பிடுங்கள்.

அப்படியே பானெட்டை திறந்து ஆயில் டப்பாவில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருக்கிறதா பாருங்கள். பேட் தேயத் தேய ஆயில் கொஞ்சம் குறைவது சகஜம். சட்டென்று குறைந்தால் டயரின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா பார்க்கணும். வெளியே சொட்டாமல் பூஸ்டருக்குள்ளேயே ஆயில் கசிவதும் உண்டு.

ஆயிலுக்கும் ஆயுசு உண்டு

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அதுவே 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 ஆயிலுக்கு 230, ஈரம் ஏறினால் 155.

ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. மலையில் இருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடு ஏறி, பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். அப்போதுதான் பெடல் 'தொபுக்'கென்று தரையில் போய் முட்டும். ஆறியதும் பழையபடி நன்றாக பிடிக்கும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது. 2 வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுசா மாற்றுவது நல்லது. டப்பா மூடியில் எந்த டாட் என்று போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். என்ஜின் ஆயில் ஒரு சொட்டு கூட சேரக் கூடாது. ரப்பர் சீல் ஊறி உப்பிவிடும்.

ஒர்க் ஷாப்பில் கேளுங்க

'ஏர் எடுத்தாச்சு, இனி ஓகே' என்று சாவியை நீட்டினால் உடனே வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். 'ஏர் எப்படி உள்ளே போச்சு?' என்று கேளுங்கள். சும்மா இருக்கும் லைனில் காற்று தானாக புகாது. ஆயில் தீர்ந்திருக்கணும், எங்காவது லீக் இருக்கணும், இல்லை முன்பு வேலை செய்தபோது ஏர் நின்றிருக்கணும். அதை சரி செய்யாமல் ஏர் மட்டும் எடுத்தால் சில நாளில் அதே கதைதான்.

வீல் சிலிண்டர் கசிந்தால் அதோடு நனைந்த ஷூவையும் மாற்றணும். பேட், ஷூ எதுவானாலும் இடது வலது ரெண்டு பக்கமும் சேர்த்தே மாற்றணும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இறங்கும்போது...

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் 2-வது, தேவைப்பட்டால் முதல் கியர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், என்ஜினை ஆப் செய்வதும் உயிரோடு விளையாடுவது. என்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவாது. கருகின வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நடுவழியில் பெடல் உள்ளே போய்விட்டால் பதற வேண்டாம். வேகவேகமாக மிதித்து மிதித்து விடுங்கள். கியரை ஒவ்வொன்றாக குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் வண்டி சுற்றிவிடும். ஹாரன் அடித்து, ஹசார்டு லைட் போடுங்கள். நிற்கும் வரை சாவியை திருப்பக் கூடாது. ஸ்டியரிங் லாக் ஆகிவிடலாம். வேறு வழியே இல்லை என்றால் பள்ளத்தின் பக்கம் போகாமல், மலைச்சுவர் பக்கம் உரசி நிறுத்துவதே மேல்.

ஆக்டிங் டிரைவராக போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சாவி வாங்கினதும் முதலில் பெடலை மிதித்து பாருங்கள். சரியில்லை என்றால் ஓனரிடம் முகத்துக்கு நேராக சொல்லிவிடுங்கள். ஒருநாள் சம்பளம் போகலாம். வண்டி அவருடையது, உள்ளே இருக்கிற உயிரில் உங்களதும் ஒன்று.