சிறு ஏரியும் மரத்தவளையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறு ஏரிகளில் வாழும் பெருவாய்ப் பாஸ் என்னும் மீன், நீர்ப்பூண்டுகளிலும் வீழ்ந்த மரங்களின் நிழலிலும் பதுங்கியிருந்து, அருகே வரும் தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து விழுங்கும் சுபாவமுடையது.

மிச்சிகன் மாகாணத்து டவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் தேனீ வளர்த்து வந்தார். அவர் ஒரு நாள் கரையில் அமர்ந்து செதுக்கிய மரத்துண்டை நீரில் எறிய, பாஸ் ஒன்று அதன்மேல் பாய்ந்ததாகச் சொல்லப்படுகிறது. பின்பு அவர் மரத்தில் தவளை உருவங்களைச் செதுக்கி, தூண்டில் முட்களைப் பொருத்தினார். வீட்டில் தொடங்கிய அக்கைத்தொழில் 1902-ல் பேடண்டு உரிமை பெற்றுப் பெருந்தொழிலாயிற்று.

இலேசான மரம் மிதக்கும். விட்டு விட்டு இழுத்தால், தத்தளிக்கும் பிராணியைப் போல் நீரைச் சலசலக்கச் செய்யும். காற்று அடங்கிய காலையும் மாலையும் இதற்கு ஏற்ற வேளைகள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். மிகப் பெரிய பாஸ்கள் பெரும்பாலும் பெட்டைகளே. சிறு ஏரியில் பெரிய பாஸ்களையெல்லாம் பிடித்துவிட்டால், அவற்றிற்கு இரையாகும் சிறு மீன்கள் மிதமிஞ்சிப் பெருகி, தீனி போதாமல் வளர்ச்சி குன்றும். ஆகவே பிடித்த பெரிய மீனை உயிருடன் நீரில் விடுவோர் பலர். பொது நீர்நிலையின் முதல் அழியாதிருந்தாலன்றோ அதன் வட்டி ஊராருக்குக் கிடைக்கும்!