ஒரு முனை மட்டும் உள்ள கயிறு

யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளிலே துலாக் கயிறு அறுந்து விழுவதை முன்னோர் பலரும் கண்டிருப்பர். அறுந்த துண்டு எத்துணைச் சிறிதாயினும் அதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையை மட்டும் தனியே எடுத்துவர எவராலும் இயலாது. அணுவினும் நுண்ணிய உலகிலும் இதே நிலைமைதான்.

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜிலே டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர் பேராசிரியர் கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர். தன்னை ஈர்க்கும் புரோத்தனை நோக்கி ஓர் இலத்திரன் நேரே விழுந்தால் முடிவு யாது என்று அவர் 1943ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். டிராக்கின் கதிர்வீச்சுச் சமன்பாட்டின்படி அது புரோத்தனை அடையாமலே திரும்பிவிடும் என நிறுவினார். குவாந்தக் கொள்கை கலவாத கணக்கு அது.

புரோத்தனுக்குப் பதிலாகப் பொசித்திரனை வைத்தாற் கதை வேறு. 1931இல் டிராக் முன்னுரைத்து, 1932இல் அண்டர்சன் கண்ட துணிக்கை இது. இதுவும் இலத்திரனும் மிகுந்த சக்தியோடு மோதின், இரண்டும் மறைந்து, ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் எதிரெதிர்த் திசைகளிற் பாய்வதுண்டு. ஆயினும் கருவியிற் படுவன குவார்க்குகள் அல்ல. பையோன் முதலிய ஹாட்ரோன்களின் கூட்டமே.

இனிக் கயிற்றுக்கு வருவோம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலே போ அண்டர்சனும் அவர்தம் குழுவினரும் 1970களின் பிற்பகுதியில் ஒரு மாதிரியை அமைக்கத் தொடங்கினர். அதன்படி, விலகியோடும் இரு குவார்க்குகளுக்கிடையே விசைப்புலம் கயிறுபோல நீள்கிறது. அதன் இழுவிசையோ ஏறக்குறைய 16 தொன் பாரத்தைத் தொங்கவிட்டதற்குச் சமம்! கண்ணுக்கெட்டாத கயிற்றுக்கு இத்தனை வலிமை. நீண்டு நீண்டு அது அறும். அறுந்த இடத்திலே புதிய குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் தோன்றி முனைகளாகும். இறுதியில் எஞ்சும் துண்டுகளே ஹாட்ரோன்கள். எங்கே அறும் என்பது தற்செயலாதலின், கணினியிற் பகடை உருட்டி இலட்சக்கணக்கான மோதல்களைக் கற்பனையாக நிகழ்த்துவர்.

"இது கதைதானே, சேர்?" என்றான் என் மாணவன் ஒருவன். நியாயமான வினா. அடிப்படைக் கொள்கையிலிருந்து இவ்வறுதலை முற்றாகக் கணித்துக்காட்ட இன்றும் இயலவில்லை. அவ்விடைவெளியையே மாதிரி நிரப்புகிறது. ஆனால் இக்கதை பொய்த்துப்போகக்கூடிய ஓரிடமும் இருந்தது.

1979இல் ஹம்பேர்க்கிலுள்ள பெட்ரா இயந்திரத்திலே துணிக்கைகள் மூன்று தாரைகளாகப் பாய்வதைக் கண்டனர். மூன்றாவது, குளுவோனின் தாரை. லுண்ட் மாதிரியில், கயிற்றை நடுவிற் பிடித்து ஒருபுறம் இழுத்தாற்போன்றது குளுவோன். கயிறு குவார்க்கிலிருந்து குளுவோனுக்குச் சென்று, அங்கிருந்து எதிர்க்குவார்க்குக்குத் திரும்பும். ஆகவே குவார்க்குக்கும் எதிர்க்குவார்க்குக்கும் நேரிடையே கயிறில்லை. அங்கே துணிக்கைகள் குறைதல் வேண்டும். ஒவ்வொரு தாரையும் தனித்தனியே சிதறும் எனக் கொண்ட ஃபீல்டு, ஃபெயின்மன் மாதிரியோ இக்குறைவைத் தரவில்லை. ஜேட் என்னும் பரிசோதனைக் குழுவினர் எண்ணிப் பார்த்தனர். அவ்விடத்திலே துணிக்கைகள் குறைந்தேயிருந்தன.

மாணவன் சிறிது நேரம் பேசவில்லை. பின், "மூன்றில் எது குளுவோன் என்று எப்படித் தெரியும்?" என்றான். சக்தி குறைந்த தாரையையே பெரும்பாலும் குளுவோன் எனக் கொண்டனர் என்றேன். "பெரும்பாலும்" என்ற சொல் அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை.