ஆற்றோரம் ஒரு நாள் சைக்கிள் பயணம்
குடும்பத்தோடு கல்லணை சென்று வர யோசனைகள்

விவசாயக் குடும்பங்களுக்கு ஞாயிறு என்றும் திங்கள் என்றும் வேறுபாடு கிடையாது. மாடு கறந்தாக வேண்டும். மடை பார்த்தாக வேண்டும். பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்ற எண்ணம் ஆண்டுதோறும் எழும். ஆண்டுதோறும் தள்ளிப் போகும். பஸ், வேன் என்று கணக்குப் பார்த்தால் செலவும் கையைக் கடிக்கும். ஆனால் பிளஸ் ஒன் படித்த பிள்ளை உள்ள பல வீடுகளில் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. வாசலில் சாலை இருக்கிறது. காவிரிப் படுகையில் ஏற்ற இறக்கமும் கிடையாது. முறையாகத் திட்டமிட்டால், மாலைக் கறவைக்கு முன் வீடு திரும்பும்படி ஒரு நல்ல நாளைக் கழித்து வரலாம்.

எடுத்துக்காட்டாக, திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கோவிலடி வழியாகக் கல்லணை சென்று வருவதைச் சொல்லலாம். போக வர 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது கடினம் அல்ல. அதற்குச் சிறியவர்கள் இருந்தால், ஏறக்குறைய நடுவழியில் உள்ள கோவிலடியோடு திரும்பி விடலாம். அப்பக்குடத்தான் கோயில் அங்குதான் உள்ளது. பெருமாளுக்கு நாள்தோறும் அப்பம் படைக்கும் கோயில் என்பதால் பிள்ளைகள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

எப்போது போகலாம்?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். நீர் இருப்பைப் பொறுத்து இது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது போவதுதான் அழகு. குறுவை நடவு முடிந்த ஆடி மாதக் கடைசி ஒரு தருணம். பொங்கலுக்குப் பின், சம்பா அறுவடை மும்முரமாகுமுன் வரும் ஞாயிறு இன்னொன்று. ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் ஆகிய நாட்களைத் தவிர்ப்பது நலம். அன்று கூட்டத்தில் சைக்கிளை உருட்டவும் இடம் இராது.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆடியில் மேல்காற்று பலமாக வீசும். தையில் வாடைக்காற்றும் கீழ்காற்றும் வரும். உடம்பில் தெம்பு இருக்கும் காலையில் காற்றை எதிர்த்துப் போய், களைத்திருக்கும் பிற்பகலில் காற்றை முதுகில் வாங்கித் திரும்புவதே முறை. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மேற்கே கல்லணை போகிறவர்களுக்கு ஆடி மாதம் தோதானது. தையில் போனால் திரும்பும்போது எதிர்க்காற்று. அதற்கு அரை மணி நேரம் கூட ஒதுக்க வேண்டும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மாலைக் கறவை 4 மணி என்றால் 3.30க்கு வீட்டில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். குடும்பத்தின் வேகம் அப்பாவின் வேகம் அல்ல. மிகவும் மெதுவாக மிதிக்கும் பிள்ளையின் வேகமே. மணிக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். காலை 6.30க்குப் புறப்பட்டு, கோவிலடியில் நின்று, 9.30க்குக் கல்லணை சேரலாம். 11.30க்கு அங்கிருந்து கிளம்பி, உச்சி வெயிலில் மர நிழலில் சாப்பிட்டு இளைப்பாறி, 2 மணிக்கு மறுபடி மிதித்தால் சரியாக இருக்கும்.

முன்நாளே செய்ய வேண்டியவை

டயர்களுக்குக் காற்று, பிரேக் கட்டை, செயின் எண்ணெய் ஆகியவற்றை முதல் நாள் மாலையே பார்த்துவிட வேண்டும். ஆற்றோரங்களில் கருவேல முள் அதிகம். ஒரு முறை எங்கள் பெண்ணின் சைக்கிள் வழியில் பஞ்சரானது. பசை இருந்தது, ஒட்டும் இருந்தது, காற்றடிக்கும் பம்பு வீட்டில் இருந்தது! நாலு கிலோமீட்டர் உருட்டினோம். அன்று முதல் பம்பை முதலில் கட்டிவிட்டுத்தான் சோற்றைக் கட்டுகிறோம்.

பின்னால் கேரியரில் உட்காரும் சிறு பிள்ளையின் கால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும் விபத்து அடிக்கடி நேர்வது. கால் வைக்கக் கட்டையும், சக்கரத்துக்கு மறைப்பும் இல்லாமல் குழந்தையை ஏற்றவே கூடாது. புடவைத் தலைப்பையும் தாவணியையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

சாலையில் முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள் என இடது ஓரமாக ஒற்றை வரிசையில் போக வேண்டும். லாரி வந்தால் பந்தயம் வேண்டாம். இறங்கி நிற்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. புளிச்சோறு, எண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி ஆகியவை கெடாமல் தாங்கும். ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர் அவசியம். உப்புப் போட்ட நீர்மோரும் இருந்தால் களைப்புத் தெரியாது.

தண்ணீரில் இறங்க வேண்டாம்

இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதகுகளின் அருகே தண்ணீர் மேலே அமைதியாகத் தெரியும்; அடியில் சுழித்து இழுக்கும். மணல் எடுத்த குழிகள் ஆற்றில் எங்கே உள்ளன என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே உயிரிழந்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு ஆறு, குளிப்பதற்கு வீட்டுக் குழாய் என்று புறப்படும் முன்பே பிள்ளைகளிடம் பேசி முடித்துவிட வேண்டும்.

கல்லணையில் என்ன காட்டலாம்?

கரிகாலன் கட்டியது, ஏறத்தாழ 1,900 ஆண்டுப் பழமை, 329 மீட்டர் நீளம் என்பதைப் பாடப் புத்தகமே சொல்லிவிடும். அங்கே தண்ணீர் பங்காவதைக் காட்டுங்கள். வடக்கே கொள்ளிடம், அது வெள்ளத்தை வாங்கிக் கொண்டுபோய்ப் பயிரைக் காப்பது. அடுத்து காவிரி. அடுத்து நீடாமங்கலம் பக்கம் போகும் வெண்ணாறு. தெற்கே 1934இல் வந்த கல்லணைக் கால்வாய். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் தருவது. நம் வயலுக்கு வரும் தண்ணீர் இவற்றில் எந்த மதகு வழியாக வருகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் பையன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அப்பா, நாம ராத்திரி மடையை அடைக்காம விட்டா யாருக்குக் குறையும்?" என்றான். கடைமடைக்காரருக்கு என்றேன். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது இரவில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மடை அடைக்கப் போவது அவன்தான்.

வீடு திரும்பியதும் சைக்கிளை நிறுத்திவிடாதீர்கள். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து நம் வயல் மடை வரை பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். பயணம் அங்கேதான் முடிய வேண்டும். பிறகு மாடு கறக்கலாம்.