விரலில் மாட்டும் கருவி சொல்வது

கொரோனா தொற்றுடன் வீட்டுத் தனிமையில் இருப்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது காய்ச்சலைப் பற்றியன்று. ஆக்ஸிஜன் அளவைப் பற்றியே. இந்நோயில் மூச்சுத்திணறல் தோன்றுமுன்பே இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துவிடக்கூடும். நோயாளி இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார்; குடும்பத்தாரும் கவலையின்றி இருப்பர். அவ்வாறு கழியும் ஒரு நாளே சிகிச்சையைக் கடினமாக்கிவிடுகிறது.

அளக்கும் முறையிலும் பிழை நேர்கிறது. ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்த பின், நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்திராத விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டுங்கள். முதலில் தோன்றும் எண்ணைக் கொள்ள வேண்டா. அது நிலைபெறும் வரை கையை அசைக்காதிருங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை நேரத்துடன் குறித்து வையுங்கள். தொலைபேசியில் ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று கேட்பதைவிட அத்தாள் எங்களுக்கு மிகவும் பயன்படும்.

அளவு 94-க்குக் கீழ் இறங்கினால் மறுநாள் வரை காத்திராதீர்கள். உடனே எங்களை அழையுங்கள். எண் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சில் குழப்பம் தென்பட்டாலோ கருவியை நம்பாமல் புறப்பட்டு வாருங்கள். முன்பே நுரையீரல் நோய் உள்ளவர்கள் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

அண்டை வீட்டாருக்குக் குணம் தந்தது என்று டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை நீங்களாக வாங்கி உட்கொள்ளாதீர்கள். 2020-இல் பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ ஆய்வில், ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களிடையே அம்மருந்து இறப்பைக் குறைத்தது; தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடும். வழக்கமான சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையோ, எங்களைக் கேளாமல் நிறுத்த வேண்டா.