செக்கு வாங்கும் முன் இந்தக் காகிதங்களை வாங்குங்கள்

நிலக்கடலை மூட்டைக்கு வியாபாரி சொல்லும் விலையைக் கேட்டுச் சலித்து, 'நாமே செக்கு போட்டு எண்ணெயாக விற்றால் என்ன?' என்று நினைக்காத கடலை விவசாயி இன்று குறைவு. நினைப்பு சரிதான். ஆனால் பலர் முதலில் எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். அடுத்துக் கொட்டகை போடுகிறார்கள். மானியம், உரிமம் பற்றிய விசாரணை அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை மாற்றினால் சில லட்சம் ரூபாய் உங்களிடமே நிற்கும். செக்கை உதாரணமாக வைத்துச் சொன்னாலும் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சிறுதானிய மாவு, ஊறுகாய் என்று எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

மானியம் கையில் வராது

உணவு பதப்படுத்தும் சிறு தொழில்களுக்காக மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்தது, பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம். திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். உங்கள் பங்கு குறைந்தது 10 சதவீதம். மீதி வங்கிக் கடன். ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கி 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. ஆகவே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனதும், இந்த ஆண்டுக்கு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை முதலில் கேளுங்கள்.

இது கடனோடு இணைந்த மானியம். கடன் இல்லையென்றால் மானியமும் இல்லை. கைக்காசில் எந்திரம் வாங்கிவிட்டு ரசீதைக் காட்டி மானியம் கேட்பவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய்க்குத் திட்டம் போடுகிறீர்கள். உங்கள் பணம் 1 லட்சம், கடன் 9 லட்சம். மானியம் 3.5 லட்சம் ரூபாய் வங்கிக்கு வரும். ஆனால் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வராது. கடனின் கடைசித் தவணை கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அது வங்கியிலேயே தனிக் கணக்கில் நிற்கும். அதுவரை தவணை தவறாமல், தொழிலும் நின்றுபோகாமல் இருந்தால்தான் உங்கள் கடனில் கழிப்பார்கள். மானியம் வந்ததும் மகள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். மானியத் தொகைக்குச் சமமான கடன் பகுதிக்கு வட்டி எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று கிளை மேலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கட்டடம். இந்தத் திட்டத்தில் நிலத்தின் விலை சேராது. கட்டுமானச் செலவு, திட்ட மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 10 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் கொட்டகைக்கு 3 லட்சம்தான். கடலை கொள்முதல் செய்யும் நடைமுறை மூலதனத்துக்கும் மானியம் கிடையாது. செக்கு ஓட முதலில் வேண்டியது கடலைதான். அதற்கான பணத்தைத் தனியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போட, திட்ட அறிக்கை தயாரிக்க, உரிமங்கள் வாங்க உதவுவதற்கென்றே மாவட்ட வள நபர்கள் இருக்கிறார்கள். கடன் அனுமதியாகும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அவர்களுக்கு 20,000 ரூபாயை அரசே கொடுக்கும் என்று திட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. அதில் பாதி, நீங்கள் பதிவுகளை முடித்த பிறகுதான் அவருக்குக் கிடைக்கும். எனவே உங்கள் பதிவு முடிவது அவருக்கும் லாபம். 'ஃபைலை நகர்த்த ஐந்தாயிரம்' என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

உணவுத் தொழில் அல்லாதவர்களுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் உள்ளது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம். வேறு அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே மானியம் வாங்கிய தொழிலுக்கு இது கிடைக்காது. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். 35 சதவீத மானியத்தோடு 6 சதவீத வட்டி மானியமும் அதில் உண்டு. உச்சவரம்பும் மிகப் பெரியது, 1.5 கோடி ரூபாய்.

பம்புசெட் மின்சாரத்தில் செக்கு ஓட்டாதீர்கள்

கிணற்றடியில் இலவச மின் இணைப்பு இருக்கிறது, பக்கத்திலேயே கொட்டகை, ஒரு வயர் இழுத்தால் செக்கு ஓடும். கிராமத்தில் இது பெரிய குற்றமாகவே யாருக்கும் படுவதில்லை. சட்டத்தின் பார்வை வேறு. பாசனத்துக்கு வாங்கிய இணைப்பை விற்பனைக்கான எண்ணெய் ஆட்டப் பயன்படுத்துவது, 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. எந்தப் பயன்பாட்டுக்கு ஓட்டினீர்களோ அதற்குரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு விதிப்பார்கள். எப்போதிலிருந்து ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், சோதனை நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்குப் போடுவார்கள். ஒரு வருட லாபம் ஒரே நாளில் போய்விடும். பாசன இணைப்புக்கும் தொல்லை.

தனி இணைப்பு அப்படியொன்றும் பெரிய சுமை இல்லை. 12 கிலோவாட் வரையிலான குடிசை, குறுந்தொழில்களுக்கென மின்வாரியத்தில் மூன்று-ஏ-1 என்ற தனிக் கட்டண விகிதம் இருக்கிறது. சாதாரணமாக ஒரு செக்கு, ஒரு வடிகட்டி, நாலு விளக்கு இதற்குள் அடங்கிவிடும். இதோடு, குறு உற்பத்தி நிறுவனங்களுக்கு முதல் 36 மாதங்கள் மின் கட்டணத்தில் 20 சதவீதத்தை மாநில அரசு மானியமாகத் திருப்பித் தருகிறது. கேட்டு வாங்குபவர்கள் கொஞ்சம்தான். மின் இணைப்பு கிடைத்த கையோடு தொழில் மையத்தில் இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வேளாண் அலுவலர்கள் செக்கு, மாவு மில் பற்றிப் பயிற்சி நடத்தும்போது, எந்திரத்தின் பெருமையைச் சொல்வதற்கு முன் இதைச் சொன்னால் நல்லது.

ஊராட்சி, நிலம்

ஊருக்குள் மோட்டாரில் ஓடும் எந்திரம் நிறுவ, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி முன் அனுமதி வேண்டும். 'நம்ம ஊர், தலைவர் நம்ம ஆளு' என்று வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். அடுத்த வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் கொடுக்கும் நாளில் வாய்மொழி நிற்காது. விண்ணப்பத்தோடு இடத்தின் வரைபடம், மோட்டாரின் குதிரைத்திறன், பட்டா அல்லது வாடகை ஒப்பந்தம் வேண்டியிருக்கும். கட்டணம், படிவம் பற்றி வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். தொழில் ஓடத் தொடங்கினால் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் ஊராட்சிக்குக் கட்ட வேண்டும்.

கொட்டகை விவசாய நிலத்தில் வருவதாக இருந்தால் நில உபயோக மாற்றம் என்ற விஷயம் குறுக்கே வரும். புஞ்சை ஒரு மாதிரி, நஞ்சை ஒரு மாதிரி. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவைப்படும். அதற்கு மாதங்கள் ஆகலாம். கிராம நத்தத்தில் உங்களுக்கு இடம் இருந்தால், வயலில் போடும் ஆசையை விட்டுவிட்டு அங்கேயே போடுங்கள் என்பதே என் யோசனை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறது. உங்கள் தொழில் எந்த நிறத்தில் இருக்கிறது, இசைவு வேண்டுமா என்பதை மாவட்டத் தொழில் மையமே பார்த்துச் சொல்லும். 2018-ல் வந்த தொழில் எளிதாக்குதல் சட்டத்தின்படி, பல துறைகளின் அனுமதிகளை ஒற்றைச் சாளர முறையில் அந்த மையம் வழியாகவே கேட்கலாம். துறை துறையாக அலைவதைவிட இது மேல்.

எண்ணெய் பாட்டிலுக்குள் போகும் முன்

உத்யம் பதிவு இலவசம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் செல்போனும் வேண்டும். கணினி மையத்தில் தட்டச்சுக் கூலி கேட்கலாம். 'பதிவுக் கட்டணம்' என்று யாரும் கேட்கக் கூடாது.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு லிட்டர்கூட விற்க முடியாது. 2011 விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று கோடு போட்டன. பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வைத்தன. வரம்பும் கட்டணமும் இன்று எப்படி என்பதை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சரிபாருங்கள். பதிவானதும் 14 இலக்க எண் தருவார்கள். அதை லேபிளில் அச்சிட வேண்டும்.

தூக்குவாளியில் அளந்து ஊற்றி விற்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்க அதே விதிகள் தடை போட்டிருக்கின்றன. பாட்டிலில் அடைத்தால் லேபிளில் உங்கள் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்சச் சில்லறை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் சொல்லத் தொலைபேசி எண் இருக்க வேண்டும். அடைத்து விற்பவர், தொடங்கிய 90 நாட்களுக்குள் சட்டமுறை எடையளவுத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இதைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். எடையளவு ஆய்வாளர் வந்து நிற்கும்போதுதான் நினைவு வருகிறது. தராசுக்கு முத்திரையும் அவரிடம்தான்.

சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள், அதுவும் மாநிலத்துக்குள்ளேயே என்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. பெங்களூருக்குப் பார்சல் அனுப்பத் தொடங்கும் முன் ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

தனி ஆளாக இத்தனையும் மலைப்பாக இருந்தால் குழுவாகச் செய்யலாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் உணவு பதப்படுத்தும் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி, மேலே சொன்ன மத்திய திட்டத்திலேயே இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் பொது எந்திர வசதி வைக்கவும் உதவி உண்டு. நாலு ஊருக்கு நாலு செக்கு அரைகுறையாக ஓடுவதைவிட, ஒரு செக்கு நாள் முழுக்க ஓடினால் தவணை கட்ட முடியும்.

ஆதார், பட்டா நகல், வங்கிப் புத்தகம், எந்திரத்துக்கான விலைப்புள்ளி ஆகியவற்றோடு அறுவடைக்கு மூன்று மாதம் முன்பே தொழில் மையத்துக்குப் போங்கள். விலைப்புள்ளி மட்டும் வாங்குங்கள். கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை எந்திரக் கம்பெனிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.