சேற்றில் புதையும் டிராக்டர்: லாக் மிதி போதுமா, ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா?

கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வரும் தண்ணீரை நம்பித்தான் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, சிதம்பரம் வட்டாரங்களில் சம்பா சாகுபடி நடக்கிறது. அந்தத் தண்ணீரோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும் அக்டோபரில், களிமண் வயலில் டிராக்டர் புதைவது வாடிக்கை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். வயலில் வண்டி அச்சு வரை இறங்கி நிற்கும். இழுத்துவிட இன்னொரு வண்டிக்கும் வாடகை கொடுக்க வேண்டும். இரண்டு முறை இப்படி நடந்தால், 'ஃபோர் வீல் வண்டி வாங்கிவிடலாமா?' என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனாலும், ஒரே குதிரைத்திறனில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் விலை, சாதாரண வண்டியைவிடப் பொதுவாக லட்ச ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ கூடுதலாக இருக்கும். கடன் வாங்கும் முன், கையில் உள்ள வண்டியில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு சக்கரம் சுற்றும், இன்னொன்று நிற்கும்... ஏன்?

பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்கு வழிசெய்வது இதுதான். இதன் குணம், இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையைக் கொடுப்பது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எளிய கணக்கு. இடது சக்கரம் சேற்றில் இருக்கிறது. அதற்கு 200 கிலோ இழுவைக்குத்தான் பிடிமானம் உண்டு. வலது சக்கரம் கெட்டி மண்ணில் இருக்கிறது; அதனால் 800 கிலோ இழுக்க முடியும். டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமாகப் பிரிப்பதால், வலது சக்கரத்துக்கும் 200 கிலோதான் போகும். மொத்தம் 400 கிலோ. இடது சக்கரம் வீணாகச் சுற்றும், வண்டி நகராது.

டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்தால் இரண்டு அச்சுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இப்போது 200 கிலோவும் 800 கிலோவும் சேர்ந்து 1,000 கிலோ கிடைக்கும். அதே இன்ஜின், அதே டயர், அதே டீசல்தான். பெரும்பாலான வண்டிகளில் இந்த மிதி இருக்கைக்குக் கீழே, ஓட்டுநரின் குதிகால் எட்டும் இடத்தில் இருக்கிறது. பல வண்டிகளில் இது துருப்பிடித்துக் கிடக்கிறது என்பதுதான் வருத்தம்.

லாக்கைப் பயன்படுத்தும் முறை

* வழுக்கும் இடம் தெரிந்தால், அதற்குள் போவதற்கு முன்பே மிதிக்க வேண்டும்.
* ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதிக்கக் கூடாது. பல்சக்கரமோ அச்சோ உடையும். கிளட்சை மிதித்து, சக்கரம் நின்ற பிறகு லாக் போட்டு, குறைந்த கியரில் மெதுவாக நகர்த்த வேண்டும்.
* லாக்கில் இருக்கும்போது வண்டி நேராகத்தான் போகும். வரப்போரம் திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போய் வாய்க்காலில் இறங்கிவிடும்.
* காலை எடுத்தும் லாக் விடுபடாவிட்டால், கிளட்சை மிதித்தோ, இடது, வலது பிரேக்கை மாற்றி மாற்றி லேசாகத் தட்டியோ விடுவிக்கலாம்.
* தார்ச்சாலையில் லாக்கைத் தொடவே கூடாது.

லாக் வேலை செய்யாத நேரத்தில், சுற்றும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்தால், மறுபக்கச் சக்கரத்துக்கு விசை போகும். வயலில் தனித்தனியாகப் பயன்படும் இந்த இரண்டு பிரேக் மிதிகளையும், சாலைக்கு ஏறும் முன் இணைத்துப் பூட்டுவது கட்டாயம்.

இரண்டு சக்கரமும் சேற்றில் என்றால்?

அப்போது லாக்கால் பெரிய பயன் இல்லை. இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லாதபோது பூட்டி என்ன ஆகப்போகிறது? அந்த வேலைக்கு உரியது கேஜ் வீல். டயரோடு சேர்த்துப் பொருத்தும் அரை கேஜ் வீல், வண்டியின் எடையை அகலமாகப் பரப்பி, சேற்றையும் பற்றிப்பிடிக்கும். ஃபோர் வீல் வண்டியின் கூடுதல் விலையோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகவும் குறைவு.

ஆனால், அளவுக்கு மேல் அகலமான கேஜ் வீல், அச்சின் வெளிமுனையில் சுமையை ஏற்றி பேரிங்கையும் ஆயில் சீலையும் சீக்கிரம் கெடுக்கும். தயாரிப்பாளர் சொன்ன அகலத்தைத் தாண்டக் கூடாது. சாலையில் கேஜ் வீலோடு ஓட்டுவதற்குத் தடை இருக்கிறது. கழற்றி, டிரெய்லரில் ஏற்றிச் செல்ல வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. சேற்றுழவில் ரோட்டவேட்டரின் கத்திகள் முன்னோக்கிச் சுழன்று, வண்டியை லேசாகத் தள்ளிக் கொடுக்கின்றன. கலப்பைக்குத் தேவைப்படும் இழுவை இதற்குத் தேவையில்லை. அதனால் அரை கேஜ் வீலும் ரோட்டவேட்டரும் உள்ள சாதாரண டிராக்டரே பல வயல்களுக்குப் போதும்.

ஃபோர் வீல் டிரைவ் யாருக்கு?

சாதாரண டிராக்டரில் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முன்சக்கரங்களின் மேல் இருக்கிறது. அந்தச் சக்கரங்கள் இழுப்பதில்லை. சேற்றைத் தள்ளிக்கொண்டுதான் போகின்றன. ஃபோர் வீல் டிரைவில் முன்சக்கரங்களும் இழுப்பதால், முழு எடையும் இழுவைக்குப் பயன்படுகிறது.

ஒரே கடலூர் மாவட்டத்துக்குள் தேவை மாறுபடுகிறது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் செம்மண்ணில் முந்திரி, பலா தோப்புகளுக்கு நடுவே உழுபவருக்குச் சாதாரண வண்டி போதும். தேவைப்பட்டால் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி எடை கூட்டிக்கொள்ளலாம். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்பவருக்குச் சாலையில் ஃபோர் வீலைவிட நல்ல பிரேக்தான் முக்கியம். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் ஆழமான களிமண்ணில், சொந்த வயல் போக ஊரெல்லாம் வாடகைக்குச் சேறடிப்பவருக்கு ஃபோர் வீல் டிரைவ் பயன் தரும். இரண்டு, மூன்று ஏக்கர் மட்டும் உள்ளவருக்கு, வாடகை வண்டியே கட்டுப்படியாகும். வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டிராக்டர்களை உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம்.

வழுக்கல் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதும் எளிது. பின் டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கருவி வேலை செய்யாமல் பத்து சுற்று ஓட்டி, தூரத்தை அளக்க வேண்டும். அதே நிலத்தில், கருவியை இறக்கி வேலை செய்தபடி மீண்டும் பத்து சுற்று. முதலில் 40 மீட்டர், பிறகு 34 மீட்டர் என்றால், வழுக்கல் 15 சதவீதம். புழுதி உழவில் இதற்கு மேல் போனால், டீசலும் டயரும் வீணாகின்றன என்று பொருள். எடை, டயர், கருவியின் ஆழம் ஆகிய மூன்றையும் சரிபார்த்த பிறகே வண்டியை மாற்ற யோசிக்க வேண்டும்.

பட்டறையில் மாற்றிப் பொருத்தலாமா?

பழைய வண்டியின் முன் அச்சை வாங்கி, சாதாரண டிராக்டரில் மாட்டித் தருவதாகச் சிலர் சொல்வதுண்டு. இதில் இறங்காமல் இருப்பதே நல்லது. ஃபோர் வீல் வண்டியில் முன்சக்கரம், பின்சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் வேகமாக ஓடும்படி பல்சக்கரங்களும் டயர் அளவும் கணக்கிட்டு அமைக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு தவறினால், முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, பல்சக்கரம் நொறுங்கும். டயர் மாற்றும்போதும் நிறுவனம் சொன்ன அதே அளவைப் போட வேண்டியது இதனால்தான். தவிர, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றுவது குற்றம். விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

புதிதாக வாங்குபவர்கள், மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனத்தின் சோதனை அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள குதிரைத்திறனைவிட, அறிக்கையில் உள்ள இழுவைத் திறன்தான் வயலுக்கு உதவும்.

சேறடிப்பு முடிந்ததும் பின் அச்சு, முன் அச்சு ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பேரிங்கும் பல்சக்கரமும் போய்விடும்.

உயிருக்கு ஆபத்தான வழக்கம்

வண்டி புதைந்ததும், பின் சக்கரங்களுக்குக் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி எடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது கொலைக்குச் சமம். கட்டை தடுத்து சக்கரம் சுழல முடியாமல் போனால், இன்ஜின் விசை வண்டியின் உடலைப் பின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பகுதி எழும்பி, கண் இமைக்கும் நேரத்தில் வண்டி ஓட்டுநர் மேல் மல்லாந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது.

கருவியைத் தூக்கி, சேற்றை வெட்டி அகற்றி, பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கும் வராவிட்டால், இன்னொரு வண்டியால் இழுக்கலாம். இழுக்கும் வண்டியில் கயிற்றையோ சங்கிலியையோ தாழ்வான இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேல் இணைப்பில் மாட்டினால் அந்த வண்டியும் மல்லாந்துவிடும். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

வயலையும் பார்க்க வேண்டும்

நெல் வயலில் சேற்றுக்கு அடியில் ஒரு கெட்டியான மண் அடுக்கு இருக்கும். தண்ணீரைத் தாங்குவதும், வண்டியைத் தாங்குவதும் அதுதான். எடை கூடிய வண்டி, திறன் இருக்கிறது என்பதற்காக ஈரம் மிகுந்த வயலில் திரும்பத் திரும்ப இறங்கினால் அந்த அடுக்கு உடையும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் இன்னும் ஆழமாகப் புதையும். அறுவடை நேரத்தில் விழும் சக்கரப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால், சம்பாவுக்குப் பின் நம்பியிருக்கும் தரிசு உளுந்து அழுகிப்போகும்.

அதனால் முதலில் வடிகால். அடுத்து லாக் மிதியைச் சரிசெய்து பழகுவது. அடுத்து அரை கேஜ் வீல். இவை எதுவும் போதாத நிலத்துக்கும், ஆண்டு முழுவதும் வேலை இருக்கும் வண்டிக்கும் மட்டுமே ஃபோர் வீல் டிரைவ். இந்த வரிசையில் போனால், கடன் வாங்காமலே பாதிப் பேரின் சிக்கல் தீர்ந்துவிடும்.